கர்ப்ப காலத்தில் எத்தனை மாத்திரைகள் போதும்? பெங்களூரு ஆய்வும் அரசு வழிகாட்டுதலும்

பெங்களூரு: கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு மூன்று கால்சியம் மாத்திரைகள் உட்கொள்வதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் உட்கொண்டாலும், உயிருக்கு ஆபத்தான இரத்த அழுத்தச் சிக்கலைத் தடுப்பதில் பின்னடைவு ஏற்படவில்லை என்பதைப் பெங்களூருவில் 11,000 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு காட்டியது. செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பிரதிபா துவாரக்நாத், செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் அனுரா குர்பத் ஆகியோர் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து நடத்திய இந்த ஆய்வின் முடிவுகள், 2024 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின. இதே முறையில் தான்சானியாவிலும் 11,000 பெண்களிடம் மற்றோர் ஆய்வு நடத்தப்பட்டு, இரண்டின் முடிவுகளும் ஒரே கட்டுரையில் வெளியிடப்பட்டன.

ஒரு மாத்திரையா, மூன்றா என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். கர்ப்பிணியின் அன்றாடத்தில் வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு சிறியதல்ல. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலின்படி ஒரு பெண் கர்ப்பத்தின் 14-வது வாரம் முதல் பேறுக்குப் பின் ஆறு மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு கால்சியம் மாத்திரைகள் உட்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கர்ப்ப காலத்தில் 180 நாள்கள், பேறுக்குப் பின் 180 நாள்கள். கூட்டிப் பார்த்தால் கால்சியம் மட்டும் சுமார் 730 மாத்திரைகள், இரும்புச்சத்து 360. ஒரு மகப்பேற்றுக்கு ஏறத்தாழ 1,100 மாத்திரைகள். தனியார் மருத்துவமனைகளில் எழுதித் தரப்படும் வைட்டமின் டி, டிஎச்ஏ, பல்வகை வைட்டமின் கூட்டு மாத்திரைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இவற்றில் எவை இன்றியமையாதவை, எவை தேவைப்பட்டால் மட்டும், எவை பணச்செலவு மட்டுமே என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கால்சியமும் இரத்த அழுத்தமும்

கர்ப்பிணிக்குக் கால்சியம் தருவது குழந்தையின் எலும்புக்காக என்றே பலரும் நினைக்கின்றனர். அது பாதி உண்மை. பொதுச் சுகாதாரத் திட்டங்களில் கால்சியம் மாத்திரை இடம்பெற்றதற்கு முதன்மைக் காரணம், முன்சூல்வலிப்பு எனப்படும் ப்ரீ-எக்ளாம்ப்சியா. கர்ப்பத்தின் 20-வது வாரத்திற்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவது, அல்லது கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவது இதன் தன்மை. முற்றினால் வலிப்பு வரும். தாயும் சேயும் இறக்க நேரிடலாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். பல பெண்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும் என்பதால்தான் ஒவ்வொரு பரிசோதனையிலும் அதை அளக்கின்றனர்.

கால்சியத்திற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு முதலில் கவனிக்கப்பட்டது மத்திய அமெரிக்காவில். குவாத்தமாலாவின் மாயா இனப் பெண்கள் ஏழ்மையிலும் ஊட்டக்குறைவிலும் வாழ்ந்தபோதும் அவர்களிடையே முன்சூல்வலிப்பு குறைவாக இருப்பதை 1980-ல் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சமைப்பதே காரணமாக இருக்கலாம் என்ற கருத்து அப்போது எழுந்தது. தமிழில் கால்சியத்துக்குச் சுண்ணாம்புச்சத்து என்றே பெயர் வழங்குவதை இங்கே நினைவுகூரலாம். வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்த்து மெல்லும் வழக்கத்துக்கு இதை ஆதரவாகக் கொள்ளக் கூடாது. அதனுடன் சேரும் பாக்கும் புகையிலையும் கர்ப்பிணிக்குத் தீங்கானவை.

உடலில் கால்சியம் குறையும்போது பாராதைராய்டு சுரப்பியின் இயக்குநீர் கூடுகிறது. அதன் விளைவாக இரத்தக் குழாய்த் தசைகளுக்குள் கால்சியம் ஏறி, குழாய்கள் இறுகி, அழுத்தம் உயர்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பின்னர் நடந்த ஆய்வுகளின் அடிப்படையில், உணவில் கால்சியம் குறைவாக உள்ள நாடுகளின் கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 மி.கி. கால்சியம் தர உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. கால்சியம் மாத்திரைகள் பெரும்பாலும் 500 மி.கி. அளவில் வருவதால் இது மூன்று அல்லது நான்கு மாத்திரைகளாகிறது. இந்தியா இதை அப்படியே ஏற்கவில்லை. 2014-ல் வெளியான தேசிய வழிகாட்டுதல், 500 மி.கி. கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி3-யும் கொண்ட மாத்திரையை இருவேளை தரச் சொன்னது. மொத்தம் 1,000 மி.கி.

பெங்களூரு ஆய்வு எப்படி நடந்தது?

முதன்முறையாகத் தாயாகப் போகும் பெண்கள், 20 வாரக் கர்ப்பத்திற்கு முன்பாகவே இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர். முன்சூல்வலிப்பு முதல் கர்ப்பத்தில்தான் அதிகம் வருகிறது என்பதே இத்தேர்வுக்குக் காரணம். அனைவருக்கும் நாளொன்றுக்கு மூன்று மாத்திரைகள் தரப்பட்டன. ஒரு பாதியினருக்கு மூன்றிலும் கால்சியம். மறு பாதியினருக்கு ஒன்றில் மட்டும் கால்சியம், மற்ற இரண்டும் மருந்தற்ற வெற்று மாத்திரைகள். யாருக்கு எது என்பது பெண்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது.

கால்சியமே தராமல் ஒரு பிரிவை வைத்து ஒப்பிடவில்லை. பயனுள்ளது எனப் பரிந்துரைக்கப்பட்ட ஒன்றைக் கர்ப்பிணிகளுக்கு மறுப்பது அறமாகாது. எனவே 'கால்சியம் தேவையா' என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் விடை தேடக் கூடாது. குறைந்த அளவு, கூடுதல் அளவைவிட மோசமா என்பது மட்டுமே அது கேட்ட கேள்வி.

பெங்களூருவில் 500 மி.கி. பெற்றவர்களில் 3.0 விழுக்காட்டினருக்கும், 1,500 மி.கி. பெற்றவர்களில் 3.6 விழுக்காட்டினருக்கும் முன்சூல்வலிப்பு ஏற்பட்டது. தான்சானியாவில் முறையே 3.0, 2.7 விழுக்காடு. இரு நாடுகளிலும் இவ்வேறுபாடுகள் தற்செயலாக நேரக்கூடிய வரம்புக்குள் இருந்தன. குறைந்த அளவு பின்தங்கவில்லை என்பதே முடிவு. ஒரு மாத்திரையே சிறந்தது என்று இதற்குப் பொருள் கொள்வது மிகையாகும்.

37 வாரங்களுக்கு முன்பே பிறக்கும் குறைமாதப் பேறு குறித்த முடிவுகள் இவ்வளவு சீராக இல்லை. பெங்களூருவில் குறைந்த அளவுப் பிரிவில் 11.4 விழுக்காடு, கூடுதல் அளவுப் பிரிவில் 12.8 விழுக்காடு, இங்கும் ஒரு மாத்திரை பின்தங்கவில்லை. தான்சானியாவிலோ 10.4, 9.7 விழுக்காடு எனக் கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. அங்குக் குறைமாதப் பேற்றைப் பொறுத்தவரை ஒரு மாத்திரை போதும் என நிறுவ இயலவில்லை. செய்தித் தலைப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போன பகுதி இதுதான்.

இதனால் யாரும் தாமாகவே மாத்திரையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும், இரட்டைக் கரு சுமப்பவர்களுக்கும், முந்தைய கர்ப்பத்தில் முன்சூல்வலிப்பு கண்டவர்களுக்கும் மருத்துவரின் முடிவே இறுதியானது. அவர்களில் பலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் சேர்த்துத் தரப்படும். ஆனால் மூன்று மாத்திரை எழுதப்பட்டு, வயிற்று உப்புசத்தாலும் மலச்சிக்கலாலும் அனைத்தையுமே நிறுத்திவிட்ட பெண்ணுக்கு இம்முடிவு மிகவும் பயன்படக்கூடியது. நிறுத்தியதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, அளவைக் குறைக்கலாமா எனக் கேட்க இப்போது ஆதாரம் இருக்கிறது.

இரும்பும் கால்சியமும் ஒன்றுக்கொன்று தடை

மாத்திரைகளின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இரும்புச்சத்தும் கால்சியமும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் சென்றால், குடல் இரும்பை ஈர்ப்பதைக் கால்சியம் தடுக்கிறது. எனவே இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் கார்பனேட் மாத்திரையை உணவுடன் எடுக்க வேண்டும். அப்போதுதான் இரைப்பை அமிலத்தில் நன்கு கரையும். இரும்பு மாத்திரையை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் கால்சியம் சென்றால் ஈர்க்கப்படும் விகிதமும் குறைகிறது. ஆகவே மூன்று மாத்திரைகளை ஒன்றாக விழுங்கிவிடவும் முடியாது.

காலை எட்டு மணிக்குப் பேருந்து பிடித்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ செல்லும் பெங்களூருப் பெண் இந்த அட்டவணையை எப்படிக் கடைப்பிடிப்பார்? மூன்று வேளை உணவுடன் மூன்று கால்சியம், அவற்றுக்கு நடுவே இரும்புக்கு ஓர் இடம், அதன் இருபுறமும் காபி இல்லாத நேரம் என்பது காகிதத்தில்தான் எளிது. இரண்டு கால்சியம் மாத்திரை எழுதப்பட்டிருந்தால், காலை உணவுடன் ஒன்று, மதிய உணவுடன் ஒன்று, இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கைக்குச் செல்லும்முன் இரும்பு என்பது பெரும்பாலோர்க்குப் பொருந்தும் ஒழுங்கு. இரவில் இரும்பு எடுப்பதால் குமட்டலும் பலருக்குக் குறைகிறது.

காபி, தேநீரில் உள்ள டானின் இரும்பு ஈர்ப்பை வெகுவாகக் குறைக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்க்க வேண்டும். பாலுடன் இரும்பு மாத்திரை விழுங்குவதும் இதேபோல் பயனற்றது. நெல்லிக்காய், எலுமிச்சைச் சாறு, கொய்யா ஆகியவற்றின் வைட்டமின் சி இரும்பு ஈர்ப்பைக் கூட்டும். இரும்பு மாத்திரை எடுக்கும்போது மலம் கறுத்துப் போவது இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. குழந்தையின் நிறம் கறுத்துவிடும் என்ற பேச்சு அடிப்படையற்றது. இந்த அச்சத்தால் மாத்திரையை விட்டவர்கள் எண்ணிக்கை சிறிதல்ல என்பது களத்தில் பணிபுரியும் ஆஷா பணியாளர்கள் அறிந்ததே.

இரத்தச்சோகை: குறையாத எண்கள்

கால்சியத்தில் அளவு குறித்து விவாதம் உண்டு. இரும்புச்சத்தில் அப்படியில்லை, இங்கே சிக்கல், மாத்திரை உள்ளே போகாததுதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. கர்நாடகத்தில் 45.7, தமிழ்நாட்டில் 48.3 விழுக்காடு. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் நாடு முழுவதற்குமான அளவு 50.4 விழுக்காடாக இருந்தது. அதாவது நிலைமை மேம்படவில்லை. பரிந்துரைக்கப்பட்ட 180 நாள்களும் இரும்பு மாத்திரை உட்கொண்டவர்கள் நாடளவில் 26 விழுக்காட்டினர் மட்டுமே. 100 நாள்களாவது எடுத்தவர்கள் 44.1 விழுக்காடு.

2018-ல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தின்கீழ், 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகத் தரப்படுகிறது. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்று. இரண்டாம் மும்மாதத்தில் குடற்புழு நீக்க ஒரு முறை அல்பெண்டசோல் மாத்திரையும் உண்டு. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. 7 முதல் 10.9 வரை இருந்தால் நாளொன்றுக்கு இரண்டு மாத்திரைகள் தந்து, மாதந்தோறும் அளவு பார்க்கப்படும். 7-க்குக் கீழே கடுமையான நிலை. மருத்துவமனையில் சிரை வழியாக இரும்பு செலுத்த வேண்டியிருக்கும். 5-க்குக் கீழே சென்றால் உடனடியாக உள்நோயாளியாகச் சேர்க்கப்பட வேண்டும். கர்ப்பத்தின் பிற்பகுதியில்தான் இரத்தச்சோகை கண்டறியப்பட்டது என்றாலோ, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ ஊசி வழி இரும்பை முன்னதாகவே மருத்துவர்கள் கருதலாம்.

ஃபோலிக் அமிலம்: காலமே முதன்மை

கர்ப்பகால மாத்திரைகளில் மிக உறுதியான சான்று உள்ளது ஃபோலிக் அமிலத்துக்கே. மிகத் தாமதமாகத் தொடங்கப்படுவதும் அதுவே. கருவின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனித்து, பரிசோதித்து, மருத்துவரைப் பார்க்கும்போது பலருக்கு அந்தக் காலம் கடந்திருக்கும். அதனால்தான் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்கி, முதல் மூன்று மாதங்கள் தொடர வேண்டும் என்கின்றனர். 1991-ல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு, ஏழு நாடுகளின் 33 மையங்களில் நடந்தது. முன்பு இத்தகைய குறைபாட்டுடன் குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு 4 மி.கி. ஃபோலிக் அமிலம் தந்தபோது, மறுபடியும் அது நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. இவர்களுக்கும், வலிப்பு நோய் மருந்து எடுப்பவர்களுக்கும் வழக்கமான அளவு போதாது. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்த வைட்டமினின் வரலாற்றில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1928-ல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாய் நெசவாலைப் பெண் தொழிலாளர்களிடம் கர்ப்ப காலத்தில் காணப்பட்ட ஒருவகைக் கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், 1931-ல் சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். இன்று அது திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி அரசு மகளிர் மருத்துவமனை. மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணமாக்கியதை 1931-ல் அவர் வெளியிட்டார். அதில் இருந்த, பெயர் தெரியாத அந்தப் பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது.

பி12: அரசு மாத்திரையில் இல்லாதது

தென்னிந்தியாவில் இரும்புக்கு அடுத்துப் பேசப்பட வேண்டியது வைட்டமின் பி12. இது விலங்குவழி உணவுகளில் மட்டுமே போதிய அளவு கிடைக்கிறது. சைவ உணவினருக்குப் பால், தயிர், பாலாடைக்கட்டி மட்டுமே வழி. அவற்றையும் குறைவாக உண்பவர்களுக்குப் பற்றாக்குறை ஏற்படுகிறது. முட்டையோ மீனோ வாரம் ஒரு முறை மட்டும் உண்ணும் அசைவ உணவினரும் இதற்கு விலக்கல்லர்.

செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தின் குழுவினர் 366 பெங்களூருக் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கம் முதல் பேறுக்குப் பின் ஆறு வாரம் வரை நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் பி12 தரப்பட்டது. தாயின் இரத்தத்திலும் தாய்ப்பாலிலும் குழந்தையின் இரத்தத்திலும் பி12 அளவு உயர்ந்தது. குழந்தையின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அதே குழுவினர் 2013-ல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு இன்னும் சிந்திக்கத் தக்கது. பி12 குறைவாகவும் ஃபோலேட் அதிகமாகவும் உட்கொண்ட தாய்மார்களுக்கு, வயிற்றில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதை அது சுட்டியது. புனேயில் நடந்த நீண்டகால ஆய்விலும் இத்தகைய சமமின்மைக்கும் குழந்தைகளின் இன்சுலின் எதிர்ப்புக்கும் தொடர்பு காணப்பட்டது.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே. காரணத்தை நிறுவியவை அல்ல. ஃபோலிக் அமிலத்தை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஃபோலிக் அமிலம் பி12 குறைபாட்டின் இரத்தச்சோகையை மறைத்து, நரம்புப் பாதிப்பைத் தொடரவிடக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. ஆகவே சைவ உணவினரும், இரும்பு மாத்திரை ஒழுங்காக எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாதவர்களும், கைகால் மரத்துப்போவதாக உணர்பவர்களும் பி12 பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். அரசின் சிவப்பு மாத்திரையில் பி12 இல்லை என்பது பலர் அறியாதது.

மற்றவை

பதினைந்து நுண்ணூட்டங்கள் அடங்கிய கூட்டு மாத்திரையை உலக சுகாதார அமைப்பு 2021-ல் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. எனினும் அதிலுள்ள இரும்பு பொதுவாக 30 மி.கி. மட்டுமே. இரத்தச்சோகை மிகுந்த நம் நாட்டில் 60 மி.கி. மாத்திரைக்கு மாற்றாக அதை வைப்பதா என்ற விவாதம் நீடிக்கிறது. தேசியத் திட்டம் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையிலேயே நிற்கிறது.

டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பு மாத்திரை, குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு என்ற விளம்பரத்துடன் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. கர்நாடகத்தின் பெலகாவியில் 957 கர்ப்பிணிகளிடம் நாளொன்றுக்கு 400 மி.கி. கொடுத்து நடந்த ஆய்வில், ஒரு வயதில் குழந்தைகளின் மூளை வளர்ச்சி மதிப்பீட்டில் வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட வேறுபாடு காணப்படவில்லை. பணம் குறைவாக உள்ள குடும்பம் முதலில் விட்டுவிடக் கூடிய மாத்திரை இதுவே. அந்தச் செலவில் முட்டையும் மத்தி மீனும் வாங்கலாம்.

வைட்டமின் ஏ-வில் குறைவைவிட மிகுதியே கவலைக்குரியது. ரெட்டினால் வடிவில் நாளொன்றுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் சென்றால் கருவின் உருவாக்கம் பாதிக்கப்படக்கூடும். முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கர்ப்ப காலத்தில் முற்றிலும் விலக்கத்தக்கது. கேரட், கீரை, பப்பாளியில் உள்ள பீட்டா கரோட்டினால் இந்த ஆபத்து இல்லை. இரண்டு மூன்று கூட்டு மாத்திரைகளையும் சத்து மாவையும் ஒருசேர எடுப்பவர்கள், அட்டைகளில் அச்சிடப்பட்ட அளவுகளைக் கூட்டிப் பார்த்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அயோடினுக்குத் தனி மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது; அயோடின் கலந்த உப்பை மூடிவைத்து, சமையலின் இறுதியில் சேர்த்தால் போதும்.

ராகியும் அங்கன்வாடியும்

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. கால்சியம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு நிர்ணயித்துள்ளது. கர்நாடகத்தின் அன்றாட உணவான ராகியில் 100 கிராமுக்கு சுமார் 360 மி.கி. கால்சியம் உண்டு, அரிசியில் உள்ளதைப் போல் பல மடங்கு. ராகியில் உள்ள ஃபைட்டேட் அதன் ஒரு பகுதியை உடல் ஈர்க்கவிடாது. முளைகட்டினாலோ புளிக்கவைத்தாலோ அத்தடை குறையும் என்பதால் முளைகட்டிய ராகிக் கஞ்சியும் புளித்த கூழும் களியைவிட மேலானவை. அரை லிட்டர் பாலில் ஏறத்தாழ 600 மி.கி. கிடைக்கும். எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் துணைநிற்கும். இவை அனைத்தையும் நாள்தோறும் போதிய அளவு உண்ண வாய்த்தவருக்கு மாத்திரையின் தேவை குறையலாம். அத்தகையோர் நம்மிடையே சிலரே.

கர்நாடக அரசு 2017 அக்டோபர் 2-ல் தொடங்கிய 'மாத்ருபூர்ணா' திட்டத்தின்கீழ், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியிலேயே பால், முட்டையுடன் கூடிய மதிய உணவு தரப்படுகிறது. அங்கே இரும்பு மாத்திரையையும் பணியாளர் முன்னிலையில் உட்கொள்ளச் செய்வது திட்டத்தின் ஒரு பகுதி. உணவுடன் இரும்பு எடுப்பது முன்பு கூறிய இடைவெளி விதிக்கு மாறாகத் தோன்றலாம். எடுக்காமலே விடுவதைவிட, உணவுக்குப் பின் எடுப்பது எவ்வளவோ மேல்.

தாய்வீடு செல்லும்போது

பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாத வளைகாப்புக்குப் பின் ஓசூர், சேலம், வேலூர் என ஊர் மாறும்போது மாத்திரை ஒழுங்கு குலைவது எளிது. முன்சூல்வலிப்பு தலைகாட்டும் காலமும் அதுவே. கர்நாடகத்தில் தரப்படும் 'தாயி' அட்டை, பரிசோதனை முடிவுகள், குறைந்தது ஒரு மாதத்துக்கான மாத்திரைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். சென்றவுடன் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பதிவு செய்தால் பிக்மி எண் கிடைக்கும்; தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அது தேவைப்படுகிறது. எந்த மாநிலத்திலும் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி, பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. இரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் அங்கே பார்க்கப்படும்.

வீட்டில் ஏற்கெனவே சிறு குழந்தை இருந்தால் இரும்பு மாத்திரைகளை எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். சர்க்கரைப் பூச்சுடன் சிவப்பாக இருக்கும் அவற்றை மிட்டாய் என எண்ணிக் குழந்தைகள் விழுங்கிவிடக்கூடும். சில மாத்திரைகளே சிறு குழந்தைக்கு நஞ்சாகலாம். அப்படி நேர்ந்தால், குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் காத்திராமல், மாத்திரை அட்டையுடன் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.